திண்டிவனத்தில் பொத்தான், விழுப்புரத்தில் இருட்டு

எக்ஸ்ரே மெஷின் ஒன்றுதான் வந்தது. ஊர் இரண்டாக இருந்தது. வம்பு அங்கேதான் பிறந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம். மெஷின் எங்களுக்குத்தான் என்று திண்டிவனத்தார் சொன்னார்கள். ஜங்ஷன் எங்கள் ஊரில் இருக்கும்போது மெஷின் மட்டும் எப்படி உங்கள் ஊரில் இறங்கும் என்று விழுப்புரத்தார் கேட்டார்கள். இரண்டு ஊரிலும் கடையடைப்பு நடந்தது. மெஷினைக் கண்ணால் பார்க்காதவர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள். பார்த்தவர் ஒருவரும் இல்லாததால் எல்லோருமே அதிகமாகக் கத்தினார்கள்.

மேலிடம் ஆறு மாதம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னது. மெஷின் திண்டிவனத்துக்கு. எடுத்த படத்தைக் கழுவுகிற இருட்டறை விழுப்புரத்துக்கு. இரண்டுக்கும் சேர்த்துத் 'திண்டிவனம் – விழுப்புரம் கூட்டு எக்ஸ்ரே நிலையம்' என்று பெயர். பெயரில் திண்டிவனம் முன்னால் உட்கார்ந்துவிட்டது என்று விழுப்புரத்தார் மறுபடி முறைத்துக்கொண்டதால், விழுப்புரத்துப் பலகையில் மட்டும் திருப்பி எழுதிக்கொள்ள உத்தரவு வந்தது.

நடுவில் இருபத்து மூன்று மைல். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நான்கு ஸ்டேஷன். திண்டிவனத்தில் எடுத்த படம் இந்த நான்கையும் தாண்டி விழுப்புரம் போய், அங்கே மருந்தில் முங்கி, காய்ந்து, மறுநாள் திண்டிவனத்துக்குத் திரும்பி வந்து டாக்டர் கண்ணில் படவேண்டும். காலொடிந்தவன் எழுந்து நடக்க மாட்டாமல் கிடந்தான். அவன் கால் மட்டும் பாசஞ்சர் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தது.

அந்தக் காலைத் தூக்கிப் போக ஒரு ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் பெரியதம்பி இந்தத் தொழிலுக்கு வந்தான்.

பெரியதம்பி கோலியனூர்க்காரன். விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் பதினெட்டு வருஷம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை சுமந்தவன். முப்பத்து நாலு வயதுக்குள் வலது தோள் தேய்ந்துவிட்டது. மூட்டை ஏறியதும் கை மரத்துப்போகும். விரல்கள் வேறு யாருடையவையோ போலத் தொங்கும். தீபாவளி வரைக்கும் பார்க்கிறேன், அப்புறம் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

எழுத்து அவனுக்கு இருபத்தெட்டாவது வயதில்தான் வந்தது. தமிழைத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் சாயங்கால வகுப்பில் படித்தான். இங்கிலீஷைப் பெட்டிகளின் மேல் படித்தான். இந்தப் பக்கம் மேலே, கண்ணாடி, பத்திரம், நனைக்காதே என்று ஷெட்டுக்கு வரும் பெட்டிகளில் அச்சடித்திருப்பதைக் குமாஸ்தாவிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்தான். அதனால் இங்கிலீஷில் ஒருவரை நலம் விசாரிக்க அவனுக்குத் தெரியாது. எதைத் தலைகீழாக வைக்கக் கூடாது என்று தெரியும்.

நேர்காணல் திண்டிவனத்தில் நடந்தது. நிலையத் தலைவர் டாக்டர் தேவநாதன் நடுநாற்காலியில் இருந்தார். எக்ஸ்ரே தொழிலில் எந்தப் பிரிவில் உமக்கு நாட்டம் என்று கேட்டார். பெரியதம்பிக்கு விளங்கவில்லை என்று கண்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"எக்ஸ்ரே என்றால் ஒரே தொழில் என்று பாமரர்கள் நினைக்கிறார்கள். நெஞ்சு ஒரு பிரிவு. எலும்பு ஒரு பிரிவு. பல் ஒரு பிரிவு. மாவுக் கரைசலைக் குடிக்கவைத்துக் குடலைப் படம் எடுப்பது ஒரு பிரிவு. கதிரையே மருந்தாக வைத்துக் கட்டியைக் கருக்குவது ஒரு பிரிவு. ஒரு பிரிவுக்காரர் அடுத்த பிரிவை எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அறிவு கலந்துவிடும்."

இந்த ஐந்தும் இங்கே இருக்கிறதா என்று பெரியதம்பி பணிவாகக் கேட்டான். ஐந்துக்கும் பெயர்ப்பலகை வந்துவிட்டது என்றார் தலைவர்.

பிறகு ஆறாவதாக ஒரு பிரிவை அங்கேயே தொடங்கினார். 'எக்ஸ்ரே தொழில் பழகுநர் (நடை)'. தேர்வுக்கு ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்து, சிந்தாமல் அறையைச் சுற்றி வரச் சொன்னார்கள். பி.ஏ. படித்த இரண்டு பேர் சிந்தினார்கள். பெரியதம்பி சிந்தவில்லை. ஒரு வருஷம் நடக்க வேண்டும். பிறகு மருத்துவக் குழு அவன் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கும். தேறினால் இருட்டறையில் நிரந்தர வேலை. தேறாவிட்டால் வந்த வழி.

வந்த வழியில் மூட்டைகள் இருந்தன. அவற்றைத் தாங்கத் தோள் இல்லை. வீட்டில் தையல்நாயகி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் விசாரித்தாள்.

"அந்தப் படம் எத்தினி கனம் இருக்கும்?"

"சிலேட்டு கனந்தான்."

"அப்ப உட்றாத. கெட்டியா புட்ச்சிக்கோ."

திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து மேலதிகாரி வந்தார். முதல் படம் அவருடைய நெஞ்சு என்று முடிவாகியிருந்தது. பொத்தானை அழுத்தியவர் அமீருதீன் பாய். கோட்டக்குப்பத்துக்காரர், சென்னையில் ஒரு வருஷம் எக்ஸ்ரே படிப்புப் படித்துச் சான்றிதழ் வாங்கியவர். அந்த வருஷம் முழுக்க அங்கே மெஷின் ரிப்பேரில் இருந்ததால் கரும்பலகையில் வரைந்த மெஷினில்தான் பழகினார். அதனால் அவருக்கு மெஷின் மேல் பயமும் மரியாதையும் குறையவே இல்லை. ஃபிலிமைக் கறுப்புக் கம்பளிக்குள் கைவிட்டுத் தட்டைத் தகரப்பெட்டியில் போட்டு மூடுவார். மேலதிகாரியை அதன் முன் நிறுத்தி, மூச்சை அடக்கச் சொல்லி, பொத்தானை அழுத்தினார். கைதட்டல் எழுந்தது. பெரியதம்பி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயில் ஏறினான்.

விழுப்புரத்தில் இருட்டறைக்கு முன்னால் ஒரு தாழ்வாரம். தாழ்வாரத்தில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் பொருள் காப்பாளர் சீனுவாசன். பார்வை கொஞ்சம் மங்கல் என்பதால் வெயில் நேராக விழுகிற இடமாகப் பார்த்து மேஜை போட்டிருந்தார். நல்ல மனிதர். இருபது வருஷத்தில் ஒரு குண்டூசியைத் தொலைத்ததில்லை.

அவருக்கு ஒரு விதி இருந்தது. எப்போதோ ஏதோ ஒரு அலுவலகத்தில் மருந்துப் பெட்டி என்று சொல்லிப் புதுச்சேரி பாட்டில் வந்து இறங்கிவிட்டதாம். இந்தப் பக்கம் மதுவிலக்கு. அன்றுமுதல், வந்த பெட்டி எதுவானாலும் பகல் வெளிச்சத்தில் திறந்து உள்ளிருப்பதைச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடவேண்டும். சீனுவாசன் பெட்டியைத் திறந்தார். ஃபிலிமை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். 'ஒன்று, நல்ல நிலையில்' என்று எழுதினார். மறுபடி மூடி இருட்டறை இருதயமேரியிடம் கொடுத்தார். இருதயமேரி கதவைச் சாத்தி, இடுக்குக்கெல்லாம் துணி அடைத்து, சிவப்பு விளக்கைப் போட்டு, பச்சைக் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோலப் பெட்டியை மெல்லத் திறந்தாள்.

படம் முழுக்கக் கறுப்பாக வந்தது. தார் டின்னுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் திண்டிவனத்தில் தலைவர் அதை வெகுநேரம் பார்த்தார். "ஆழ்ந்த நெஞ்சு" என்றார். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சந்தன மாலை சாத்திச் சுவரில் மாட்டினார்கள். மேலதிகாரிக்கு உள்ளே இருப்பது இதுதான் போலும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அடுத்து வந்த படங்களும் அதே நிறம்தான். கை, கால், பல், தலை எல்லாம் ஒரே கறுப்பு. இரண்டாவது வாரம் அமீருதீன் பாயின் அறை மூலையில் ஃபிலிம் வந்த அட்டைப்பெட்டி கிடந்ததைப் பெரியதம்பி பார்த்தான். பெட்டி என்றால் அவன் கண் தானாகப் படிக்கும். எழுத்துக் கூட்டினான். 'இருட்டறையில் மட்டும் திறக்கவும்' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. பாயிடம் காட்டினான். பாய் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"எனக்குத் தெரியும்பா. படிக்கசொல்லவே சொல்லிக் குடுத்தாங்க. வெயில் பட்டா அவ்ளோதான், அவுட்டு. ஆனா என்னுது பொத்தான் பிரிவு. பொட்டி என் கைய உட்டுப் போனா நான் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா மெமோ. பேஜாரு."

பெரியதம்பி சீனுவாசனிடமே போனான்.

"சார், ஃபிலிம் பொட்டி மேல இருட்டுல மட்டும் தொறன்னு போட்டுகீது சார்."

"அது கம்பெனி பொட்டிக்குச் சொன்னது. இது நம்ப பொட்டி. இதுமேல அப்படி ஒண்ணும் போடலியே, நீயே பாரு."

"உள்ள இருக்கறது அதே ஃபிலிம்தானுங்களே."

"உள்ள இன்னா இருக்குதுன்னு தொறந்து பாத்தாதானேப்பா தெரியும்" என்றார் சீனுவாசன், குழந்தைக்குச் சொல்வதுபோல.

பெரியதம்பி இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து ஒரு மனு எழுதினான். வெளிச்சம் பட்டால் படம் கெடும், ஆகையால் தாழ்வாரத்தில் திறக்க வேண்டாம் என்று நாலு வரி. எழுதி முடித்தபோது மூட்டை இறக்கிய மாதிரி தோள் வலித்தது. மனு நெஞ்சுப் பிரிவுக்குப் போய், எலும்புப் பிரிவுக்குப் போய், பல் பிரிவில் ஒரு மாதம் தங்கி, மூன்றாம் மாதம் பதிலோடு திரும்பியது.

'மனுதாரர் குறிப்பிடும் வெளிச்சம் இந்நிலையத்தால் கொள்முதல் செய்யப்பட்டதன்று. அது தானாக வருவது. தானாக வரும் பொருளுக்கு நிலையம் பொறுப்பேற்காது. நடைப் பிரிவினர் நடப்பதோடு நிற்கவும்.'

நடப்பதோடு எப்படி நிற்பது என்று இருதயமேரி கேட்டாள்.

டாக்டர் தேவநாதன் சும்மா இருக்கிறவர் அல்ல. கறுப்பை ஆராய்ந்து மூன்று வகையாகப் பிரித்தார். இளங்கறுப்பு, நடுக்கறுப்பு, முழுக்கறுப்பு. இளங்கறுப்புக்குச் சிவப்பு மிக்சர். நடுக்கறுப்புக்கு மஞ்சள் மிக்சர். முழுக்கறுப்புக்கு இரண்டையும் கலந்து. சனங்களுக்கும் பிடித்துப்போயிற்று. கண்டாச்சிபுரம் சந்தையில் படத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். எனக்கு முழுக்கறுப்பாக்கும் என்று ஒருவன் சொன்னால், இளங்கறுப்புக்காரன் சற்று ஒதுங்கி வழிவிட்டான். பல் வலிக்கு வந்த ஒரு மூதாட்டி, தன் படத்தைக் கிரகணம் பார்க்க வைத்துக்கொண்டாள். அந்த நிலையத்தின் படம் உருப்படியாக ஒருவருக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

வருஷம் முடிந்தது. பெரியதம்பியின் நெஞ்சைப் படம் எடுக்கும் நாள் வந்தது. அன்றைக்குப் பார்த்துச் சீனுவாசன் பேரனுக்கு மொட்டையடிக்க மயிலத்துக்குப் போய்விட்டார். ஒருநாள் பொறுப்பு நடைப் பிரிவுக்கு என்று எழுதிவைத்திருந்தார்.

அமீருதீன் பாய் மூச்சை அடக்கச் சொன்னார், அடக்கினான். தன் நெஞ்சைத் தானே மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து விழுப்புரம் வந்து சேர்ந்தான். மேஜைக்கு முன்னால் நின்று, கொடுத்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான். மேஜையைச் சுற்றிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, பெற்றவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான். மேஜை மேல் வெயில் கொதித்தது. பெட்டியைத் திறக்கவில்லை. 'ஒன்று, நல்ல நிலையில்' என்று எழுதினான். அந்தப் பதிவேட்டில் அதுவரை எழுதியதில் உண்மை அது ஒன்றுதான்.

சற்று நேரத்தில் இருதயமேரி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"யோவ் பெரியதம்பி, உள்ள ஒரு ஆளு நிக்கறான்யா."

போய்ப் பார்த்தான். கம்பியில் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தான் அவன். கூரைக்கு மூங்கில் வாரை பிடித்த மாதிரி இரண்டு பக்கமும் விலா எலும்புகள். நடுவில் நிழலாக இதயம். பதினெட்டு வருஷம் மூட்டைக்கு அடியில் இருந்தது இதுதானா என்று பெரியதம்பிக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

மருத்துவக் குழுவுக்கு அந்த மரியாதை வரவில்லை. தலைவரும், நெஞ்சுப் பிரிவுத் தலைவரும், எலும்புப் பிரிவுத் தலைவரும் படத்தைப் பார்த்தார்கள். நெஞ்சுப் பிரிவுத் தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். நெஞ்சுப் படத்தில் எலும்பு எப்படி வந்தது, இது அத்துமீறல் இல்லையா என்று கேட்டார். எங்கள் எலும்பை நாங்கள் அனுப்பவில்லை என்று எலும்புப் பிரிவுத் தலைவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். தேவநாதன் எழுந்து போய்ச் சுவரிலிருந்து மேலதிகாரியின் படத்தைக் கழற்றி வந்து பக்கத்தில் வைத்தார்.

"இது மேலதிகாரி நெஞ்சு. இது உம்முடைய நெஞ்சு. வித்தியாசம் தெரிகிறதா?"

"தெரியுதுங்க."

"அவருக்கு ஒரு எலும்பாவது வெளியே தெரிகிறதா?"

"இல்லிங்க."

"உமக்கு ஒன்று ஒன்றாக எண்ணலாம். எலும்பு தெரியும் உடம்பு எதைக் காட்டுகிறது?"

பெரியதம்பி யோசித்தான். "சோறு பத்தலன்னு காட்டுதுங்க."

"அதேதான்" என்றார் தலைவர், மாணவன் தேறிவிட்ட மகிழ்ச்சியில். 'மிகுந்த நலிவு. தகுதியில்லை' என்று எழுதினார்கள். ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் நன்றாகச் சாப்பிட்டு எலும்பு மறைந்தால் வேலை நிரந்தரம். மறையாவிட்டால் கூட்ஸ் ஷெட். நலிவுப் படத்தை நிலையத்தில் வைத்திருப்பது நிலையத்துக்கு இழுக்கு என்று அவன் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள்.

தையல்நாயகி படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இதில் என்ன குறை என்று அவளுக்குப் புரியவில்லை. எலும்பு இல்லாமல் எந்த ஆபீசர் எழுந்து நிற்கிறான் என்று கேட்டாள். கேட்டாலும், மாதம் முழுக்கக் கேப்பைக் களியும் மல்லாட்டையும் கருவாட்டுக் குழம்புமாகப் போட்டாள். அவன் போதும் என்றால், எலும்பு இன்னும் தெரிகிறது என்று சொல்லி இன்னொரு உருண்டை வைத்தாள்.

ஆனால் எலும்பை மறைக்கும் மருந்து களி அல்ல என்று அவனுக்குத் தெரியும். இரண்டாவது படம் எடுத்த அன்று சீனுவாசன் நாற்காலியில் இருந்தார். பெட்டியைத் திறந்து ஃபிலிமைத் தூக்கிப் பிடித்தார்.

"சார், இன்னும் கொஞ்சம் பாருங்க சார். பின்பக்கம் நீங்க சரியா பாக்கல."

சீனுவாசன் நெகிழ்ந்துபோனார். "ஒரு வருஷம் கழிச்சாவது உனக்கு நிர்வாகம் புரிஞ்சுதேப்பா" என்றார். அன்றைக்கு இரண்டு நிமிஷம் கூடுதலாக வெயிலில் காட்டினார்.

முழுக்கறுப்பு. மேலதிகாரி படத்தைவிட ஒரு படி கறுப்பு. குழு எழுந்து நின்று கைகுலுக்கியது. ஒரு மாதத்தில் இப்படி ஒரு முன்னேற்றத்தை இந்த நிலையம் கண்டதில்லை என்றார் தலைவர். இருட்டறை உதவியாள், நிரந்தரம் என்று தாள் வந்தது. முதல் ஆறு மாதத்தில் பகல் வெளிச்சச் சோதனையில் குறை வைத்தால் வேலை பறிபோகும் என்று அடியில் ஒரு வரி. பழைய நடையையும் அவனே சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு வரி. தேறிய கறுப்புப் படத்தைக் கோப்பில் வைக்கச் சொல்லி அவனிடமே கொடுத்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ருசி இல்லாத சந்தோஷம். எலும்பைக் காட்டியபோது விரட்டினார்கள், மறைத்தபோது மாலை போடுகிறார்கள் என்று ஒருமுறை நினைத்துவிட்டு, அதை அங்கேயே இறக்கி வைத்தான். சிலேட்டு கனம் வேலை. கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாதம் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு ராயப்பன் வந்தான்.

ராயப்பன் கூட்ஸ் ஷெட்டில் அவனோடு ஜோடி போட்டுச் சுமந்தவன். மூட்டை அடுக்குச் சரிந்து காலில் விழுந்துவிட்டது. திண்டிவனத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தான். படம் எடுத்து, ரயிலில் போய், வெயிலில் காட்டி, கழுவி, வந்தது. நடுக்கறுப்பு. 'எலும்பில் கோளாறு எதுவும் காணப்படவில்லை' என்று எழுதினார்கள். எலும்பே காணப்படவில்லை என்பது வேறு சங்கதி. மஞ்சள் மிக்சர் குடித்துவிட்டுத் திங்கட்கிழமை முதல் மூட்டை தூக்கலாம் என்று சீட்டுக் கொடுத்தார்கள். சீட்டைப் பார்த்த மேஸ்திரி, திங்கட்கிழமை வராவிட்டால் வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. ராயப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"ஏண்டா, என் காலத் தூக்கிக்கினு போனவன் நீதானே. அதுல இன்னாதான்டா தெரிஞ்சுது?"

பெரியதம்பி நேரே பாயின் அறைக்குப் போனான். மறுபடி ஒரு படம் எடுக்கும்படி அமீருதீன் பாயிடம் கெஞ்சிவிட்டு, வீட்டுக்கு வந்து தையல்நாயகியிடம் சொன்னான். வேலை போனாலும் போகும் என்றான். அவள் களிப் பானையை இறக்கி வைத்தாள்.

"போச்சின்னா பாத்துக்கலாம். அந்தாளு கால ஜல்தியா பாரு."

மறுநாள் அவன் இரண்டு பெட்டியோடு ரயில் ஏறினான். ஒன்றில் ராயப்பனின் கால் இருந்தது. துண்டால் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான். இன்னொன்றில், கோப்பில் வைக்கச் சொன்ன தன் சொந்தக் கறுப்பு நெஞ்சைப் போட்டிருந்தான். அதைத்தான் சீனுவாசன் மேஜையில் வைத்தான். அவர் திறந்தார். கழுவாத ஃபிலிம் வெளுப்பாக இருக்கும். இது கரியாக இருக்கிறதே என்று கேட்டுவிட்டால் அத்தோடு முடிந்தது. சீனுவாசன் முன்னும் பின்னும் பார்த்தார், சூரியனுக்கு நேரே பிடித்தார், 'ஒன்று, நல்ல நிலையில்' என்று எழுதினார். பதிவேட்டில் எண்ணிக்கைக்கு இடம் இருந்தது. நிறத்துக்கு இடம் இல்லை.

துண்டுக்குள் இருந்த பெட்டியை இருதயமேரி வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று கேட்கவில்லை. படம் வெளியே வந்தபோது முழங்காலுக்குக் கீழே எலும்பு, கரும்பை ஒடித்த மாதிரி இரண்டாகப் பிளந்து நின்றது.

கண்முன்னே ஒடிந்து நிற்கிற எலும்பை எந்தப் பிரிவாலும் மறைக்க முடியவில்லை. ராயப்பனுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். மேஸ்திரிக்குப் புதுச் சீட்டுப் போயிற்று. ஒருவனுக்குச் செய்ததை அடுத்தவனுக்குச் செய்யாமல் இருக்கப் பெரியதம்பிக்கு மனம் வரவில்லை. அன்றுமுதல் எல்லாப் பெட்டியும் துண்டுக்குள் போயின. எல்லோருக்கும் எலும்பு தெரிய ஆரம்பித்தது.

நிலையம் நடுங்கிப்போயிற்று. கோலியனூரில் ஏழு பேருக்கு எலும்பு. விக்கிரவாண்டியில் பதினோரு பேருக்கு. கைக்குழந்தைக்குக்கூட எலும்பு. நலிவு பரவுகிறது என்று தேவநாதன் சென்னைக்கு அவசரத் தந்தி அடித்தார். விசாரிக்க மேலதிகாரியே புறப்பட்டு வந்தார். இருட்டறையிலிருந்து பெரியதம்பியையும், பதிவேட்டோடு சீனுவாசனையும் வரச் சொன்னார்கள். துண்டைத் தோளில் போட்டால் பிடிபட்டுவிடுவோமோ என்று பயந்து வெறும் தோளோடு போய் நின்றான்.

மேலதிகாரி ராயப்பனின் படத்தைக் கையில் எடுத்தார். "நல்ல தெளிவான படம். எலும்பு முறிவு" என்றார்.

தேவநாதன் நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்து நிற்பதற்குள் மாறிவிட்டார்.

"ஆமாம் சார். அதைத்தான் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்பினோம். முதலாண்டில் இந்த வட்டாரத்தில் எலும்புள்ள நோயாளி ஒருவர்கூட இல்லை. இந்த ஆண்டு இதுவரை எழுபத்து இரண்டு பேர். எங்கள் பகல் வெளிச்சச் சோதனை முறையால் கிடைத்த வளர்ச்சி இது. ஒரே ஒரு நாள்கூடச் சோதனை தவறியதில்லை, பதிவேடு சாட்சி."

மேலதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். தினமும் ஒன்று, நல்ல நிலையில். தலையாட்டினார். பிறகு சுவரில் மாலையோடு தொங்கிய படத்தைப் பார்த்தார். அதற்குக் கீழே அவர் பெயர் இருந்தது.

"எல்லோருக்கும் எலும்பு தெரிகிறது. எனக்கு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது?"

பெரியதம்பி தரையைப் பார்த்தான். தேவநாதன் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"சார், தாங்கள் மேலதிகாரி. தங்களுக்கு உள்ளே இருப்பதைப் பார்க்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது."

மேலதிகாரியின் முகம் மலர்ந்தது. சரியான பதில் என்றார். சீனுவாசனுக்குப் பாராட்டுத் தாள் கொடுத்தார். வெயில் இன்னும் நன்றாக விழும்படி தாழ்வாரத்துக் கூரை ஓடுகளை இரண்டு வரிசை எடுத்துவிடச் சொன்னார். இந்தச் சோதனையில் குறை வைக்காத இருட்டறை உதவியாள் யார் என்று கேட்டு, பெரியதம்பியின் நிபந்தனை வரியைத் தன் கையாலேயே அடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ராயப்பன் மாவுக்கட்டோடு வந்திருந்தான். தையல்நாயகி பழைய நலிவுப் படத்தை எடுத்து அவனிடம் காட்டினாள். ஜன்னலில் பிடித்தவள் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"தோ, இங்க தோள்கிட்ட எலும்பு தேஞ்சி நசுங்கிகீது பாரு. இத அவங்க பாக்கலியா?"

"விலாவ எண்ணிக்கினு இருந்தாங்க. அங்க பாக்கல. பாத்திருந்தா அன்னிக்கே வேலை போயிருக்கும்" என்றான் பெரியதம்பி.

"அப்ப அவங்க கண்ணு அப்பிடியே இருக்கட்டும்" என்று சொல்லி அவள் படத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் சொருகினாள்.

வேலை நிலைத்தது. கறுப்பு நெஞ்சும் நிலைத்தது. அதன்பிறகு ஒவ்வொரு நாளும், மழை நாள் தவிர, கூட்டு எக்ஸ்ரே நிலையம் பெரியதம்பியின் நெஞ்சைப் பெட்டியிலிருந்து எடுத்து, முன்னும் பின்னும் திருப்பி, சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்து, 'ஒன்று, நல்ல நிலையில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது.